ஹெபடைடிஸ் சி: மாத்திரை முடிந்தும் வைரஸ் போகவில்லையா? இரண்டாவது சுற்றில் என்ன வழி?

‘மூணு மாசம் மாத்திரை போடுங்க, சரியாப் போயிடும்.’ ஹெபடைடிஸ் சி உறுதியானதும் டாக்டர்கள் சொல்லும் முதல் ஆறுதல் இதுதான். பொய்யான ஆறுதலும் இல்லை. மாத்திரையை ஒழுங்காக முடித்தவர்களில் 100க்கு 90 பேருக்கும் மேல் வைரஸ் உடம்பைவிட்டே போய்விடுகிறது. நாள்பட்ட வைரஸ் நோய்களில் இப்படி முழுசாகக் குணமாவது அபூர்வம்.

மீதிப் பேர்? மூன்று மாதம் மாத்திரை போட்டு, இன்னொரு மூன்று மாதம் காத்திருந்து, பிறகு எடுத்த பரிசோதனையில் வைரஸ் மறுபடி தலைகாட்டினால் என்ன செய்வது? அதே மாத்திரையைத் திரும்பப் போடலாமா? வேறு மருந்து இருக்கிறதா? இருந்தால் செங்கல்பட்டிலோ கல்பாக்கத்திலோ இருப்பவருக்கு அது கிடைக்குமா?

சுருக்கமான பதில்: வழி இருக்கிறது. ஆனால், உலகம் முழுக்க முதல் தேர்வாகச் சொல்லப்படும் மருந்து நம் ஊர் இலவசத் திட்டத்தில் இல்லை. இருப்பதைக் கொண்டு செய்யும் சிகிச்சையும் பெரும்பாலும் பலிக்கிறது. ஆனால், இந்தியாவில் அதிகம் காணப்படும் வைரஸ் வகையில்தான் அது கொஞ்சம் தடுமாறுகிறது.

*லட்சங்களிலிருந்து இலவசம் வரை*

சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு 2013 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது 12 வாரத்துக்கான விலை 84,000 டாலர். ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். கிலியட் நிறுவனம் 2014இல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. 2015 மார்ச்சில் நாட்கோ நிறுவனம் 28 மாத்திரை கொண்ட டப்பாவை 19,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. போட்டி வர வர விலை இன்னும் சரிந்தது. 2018 ஜூலை 28, உலக ஹெபடைடிஸ் தினத்தன்று மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது பரிசோதனையும் மருந்தும் இலவசமாகின. ஐந்தே வருடத்தில் இவ்வளவு தூரம் வந்த மருந்து வேறு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துத்தான் பார்க்க வேண்டும்.

திட்டத்தில் வழக்கமான சிகிச்சை இதுதான்: கல்லீரலில் இறுக்கம், அதாவது சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு சோஃபோஸ்புவிரும் டாக்லடாஸ்விரும் 12 வாரம். சிரோசிஸ் இருப்பவர்களுக்கு சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும். வயிற்றில் நீர் கோர்ப்பது, ரத்த வாந்தி என்று கல்லீரல் தளர்ந்துபோனவர்களுக்குக் கூடவே ரிபாவிரின்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2022இல் இந்தியாவில் ஹெபடைடிஸ் சி இருந்தவர்கள் 55 லட்சம் பேர். இவ்வளவு பெரிய கூட்டத்துக்குச் சிகிச்சை கொடுத்தால் எத்தனை பேருக்குப் பலிக்கும் என்பதற்கு நம்மிடம் உள்ள பெரிய ஆதாரம் பஞ்சாப். அந்த மாநிலம் 2016லேயே இலவச சிகிச்சையைத் தொடங்கிவிட்டது. 48,088 நோயாளிகளைப் பற்றி அங்கிருந்து வெளியான ஆய்வில், சிகிச்சையை முடித்துப் பரிசோதனைக்கும் வந்தவர்களில் 91.6% பேர் குணமாகியிருந்தனர். அதாவது, ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு வைரஸ் போகவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: 67.6%. சிகிச்சை தொடங்கிய எல்லோரையும் கணக்கில் எடுத்து, கடைசிப் பரிசோதனைக்கு வராதவர்களையும் குணமாகாதவர்கள் பட்டியலில் வைத்தால் வரும் எண் இது. இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் பெரிய கூட்டம், குணமாச்சா இல்லையா என்று தெரியாமலேயே வீட்டுக்குப் போனவர்கள். மருந்து எதிர்ப்பைவிடப் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து.

*முதலில், இது தோல்விதானா?*

ஹெபடைடிஸ் சி ஒருமுறை வந்துவிட்டால், வைரஸ் போன பிறகும் ஆன்டிபாடி ரத்தத்தில் பல வருடங்கள், பலருக்கு ஆயுள் முழுக்க இருக்கும். ஆகவே ரத்த தானத்தின்போதோ, புது வேலைக்கான மெடிக்கலிலோ, வளைகுடா விசாவுக்கான பரிசோதனையிலோ ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் மாத்திரை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தச் சோதனை பார்ப்பது வைரஸ் வந்துபோன தடத்தை. வைரஸ் இப்போது இருக்கிறதா என்று சொல்லக்கூடியது ஆர்என்ஏ பிசிஆர் சோதனை, பேச்சுவழக்கில் ‘வைரல் லோடு’. குணமாகிப் பல வருடம் ஆனவர்கள்கூட ஆன்டிபாடி ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறிப்போய் மறுபடி மாத்திரை வாங்கத் தேவையில்லை.

பிசிஆர் எடுக்க வேண்டிய நாளும் முக்கியம். கடைசி மாத்திரை போட்ட அன்றே எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு வைரஸ் தென்படாது. அது வெறும் அடங்கல். மருந்தை நிறுத்தி 12 வாரம் கழித்தும் வைரஸ் இல்லை என்றால்தான் குணம். அந்த 12 வாரத்துக்குள் திரும்பி வந்தால் அதை மறுதாக்கம் என்கிறார்கள்.

12 வாரச் சோதனையில் சுத்தமாக இருந்து, ஒரு வருடம் கழித்து வைரஸ் வந்தால்? பெரும்பாலும் அது பழைய வைரஸ் திரும்பியது இல்லை, புதிதாகத் தொற்றியது. ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது. ஒருமுறை வந்து குணமானால் பாதுகாப்பும் கிடையாது. (தடுப்பூசி என்றதும், செங்கல்பட்டு அருகே திருமணியில் 100 ஏக்கரில் எழுந்த தடுப்பூசி வளாகம் ஞாபகம் வரலாம். 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தாரே, அதுதான். அங்கே தயாரிக்கத் திட்டமிட்ட பட்டியலில் இருந்தது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. சிக்கு உலகத்தில் எங்குமே இன்னும் வரவில்லை.) டயாலிசிஸ், சுத்தப்படுத்தாத ஊசி, பச்சை குத்தும் ஊசி, போதை ஊசி என ரத்தம் ரத்தத்தோடு சேரும் எந்த வழியிலும் மறுபடி வரலாம். அப்படிப் புதிதாக வந்திருந்தால் அதை முதல் தொற்று போலவே நடத்தலாம், வழக்கமான 12 வார மாத்திரையே போதும். போதை ஊசிப் பழக்கம் இருப்பவருக்கு மருந்தே கொடுக்கக் கூடாது என்று பேசுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கும் நேரடிக் கண்காணிப்பில் சிகிச்சையை முடிக்க முடியும் என்று காட்டிய ஆய்வு நடந்த ஊரே சென்னைதான்.

பழையதா புதியதா என்று பிரிக்க உதவுவது ஜீனோடைப், அதாவது வைரஸின் வகை. முன்பு வகை 3 இருந்து இப்போது வகை 1 என்றால், பெரும்பாலும் புதுத் தொற்று. சிக்கல் எங்கே என்றால், இன்றைய மாத்திரைகள் எல்லா வகைக்கும் வேலை செய்வதால் முதல் சிகிச்சைக்கு முன் வகை பார்ப்பது கட்டாயமில்லை. செலவு குறைந்தது, தாமதம் குறைந்தது, லட்சக்கணக்கானவர்களுக்கு நல்லது நடந்தது. ஆனால், தோற்றுப்போன அந்த ஒருவர் டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ரிப்போர்ட் கையில் இருக்காது.

*ஏன் பலிக்கவில்லை?*

மாத்திரையை நடுவில் விட்டதுதான் காரணம் என்று எடுத்தவுடன் நோயாளி மீது பழி போடுவது நம் ஊர் வழக்கம். ஓரிரு நாள் மறந்ததால் பொதுவாக ஒன்றும் ஆகிவிடாது. வாரக்கணக்கில் இடைவெளி விழுந்தால்தான் பிரச்சினை. காரணம் பல நேரம் வேறு மாத்திரைகளில் ஒளிந்திருக்கும்.

முக்கியமான சந்தேக நபர், கேஸ் மாத்திரை. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவற்றைக் காலையில் காபிக்கு முன்னால் போட்டுக்கொள்வது பலருக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. அதை ஒரு மருந்தாகவே நினைப்பதில்லை என்பதால் டாக்டரிடம் சொல்வதும் இல்லை. வெல்படாஸ்விர் உடலில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைத்தால் மருந்து முழுசாக உறிஞ்சப்படாது. டாக்லடாஸ்விருக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின். இது கல்லீரலையும் குடலையும் முடுக்கிவிட்டு, ஹெபடைடிஸ் சி மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. தாம்பரம் சானடோரியம் இருக்கும் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. டி.பி.க்கு ஓர் இடத்திலும் கல்லீரலுக்கு வேறோர் இடத்திலும் சிகிச்சை எடுப்பவர்கள் இரண்டு சீட்டையும் இரண்டு டாக்டர்களிடமும் காட்டியாக வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமசெபைன் மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இவை எதுவும் இல்லாமலும் தோற்கலாம். சிரோசிஸ் இருந்தால் வாய்ப்பு அதிகம். வகை 3 வைரஸாக இருந்தாலும் அதிகம். இந்தியாவில் மிகுதியாக இருப்பது வகை 3. தென்னிந்தியாவில் வகை 1ம் கணிசமாக உண்டு. முதல்முறை சிரோசிஸ் இருப்பதைக் கவனிக்காமல், இல்லாதவருக்கான மாத்திரையைக் கொடுத்திருந்தாலும் இதே கதிதான்.

*வைரஸ் எப்படித் தப்பிக்கிறது?*

மாமல்லபுரம் சிற்பக்கூடங்களில் ஒரே மாதிரிப் பிள்ளையாரை வரிசையாகச் செதுக்கி வைத்திருப்பார்கள். உற்றுப் பார்த்தால் ஒன்றின் தும்பிக்கை ஒரு நூல் நீளம், இன்னொன்றின் காது கொஞ்சம் அகலம். உளி பிசகிய கல்லைச் சிற்பி ஒதுக்கிவிடுவார். ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு அந்தச் சரிபார்க்கும் கண் கிடையாது. சுமார் 9,600 எழுத்துகள் கொண்ட தன் மரபுக் குறிப்பை நகல் எடுக்கும்போது பிழை விழுந்தாலும் அப்படியே விட்டுவிடும். சிகிச்சை எடுக்காத ஒருவர் உடம்பில் ஒரு நாளில் உருவாகும் வைரஸ்கள் சுமார் ஒரு லட்சம் கோடி. இத்தனை நகலில் எங்காவது ஒன்று மருந்துக்குப் பிடிபடாத வடிவத்தில் இருக்கத்தான் செய்யும். மற்றவை மருந்தில் சாகும்போது அது பிழைத்துப் பெருகும். மருந்து எதிர்ப்பு என்பது இதுதான். உடம்பு மருந்துக்குப் பழகிப்போனதால் வருவது இல்லை.

இன்றைய மாத்திரைகள் வைரஸின் மூன்று இடங்களில் கை வைக்கின்றன. நகலெடுக்கும் இயந்திரத்தைச் சிக்கவைப்பது சோஃபோஸ்புவிர். என்எஸ்5ஏ என்ற புரதத்தைப் பிடிப்பவை டாக்லடாஸ்விர், லெடிபாஸ்விர், வெல்படாஸ்விர். புரதத்தை வெட்டும் கத்தரியான என்எஸ்3ஐத் தடுப்பவை வாக்சிலாப்ரெவிர், கிளெகாப்ரெவிர் போன்றவை.

இந்த மூன்றில் வைரஸ் எளிதாகத் தப்பிப்பது என்எஸ்5ஏ மருந்துகளிடமிருந்துதான். 93ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலே போதும், ஒய்93எச் என்பார்கள், வகை 3இல் டாக்லடாஸ்விரின் பிடி வெகுவாகத் தளர்ந்துவிடும். இப்படி மாறிய வைரஸ் மருந்தை நிறுத்தி இரண்டு வருடம் ஆனாலும் உடம்பில் நிலைத்திருக்கிறது. ‘கொஞ்ச நாள் கேப் விட்டு அதே மாத்திரையைப் போட்டுப் பார்ப்போம்’ என்ற கணக்கு செல்லாததற்குக் காரணம் இதுதான். என்எஸ்3 மருந்துகளுக்கு எதிரான திரிபுகள் அப்படி இல்லை, மாதக்கணக்கில் மங்கிவிடும்.

சோஃபோஸ்புவிர் தனி ரகம். அதை எதிர்க்கும் திரிபு வைரஸையே முடமாக்கிவிடுவதால் மிக அரிதாகத்தான் தென்படுகிறது. ‘தோத்த மருந்தையே மறுபடி எழுதுறாங்களே டாக்டர்’ என்று கேட்கும் நோயாளிக்கான பதிலும் இதுதான்: தோற்றது பெரும்பாலும் கூட வந்த மருந்து.

இதிலிருந்து நடைமுறையில் ஒரு விஷயம் கிடைக்கிறது. 2015 வாக்கில் சோஃபோஸ்புவிரும் ரிபாவிரினும் மட்டும் எடுத்தோ, அதற்கும் முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்டோ பலிக்காமல் போனவர்களின் வைரஸ் என்எஸ்5ஏ மருந்தைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு இரண்டாவது சுற்று சுலபம். டாக்லடாஸ்விர், வெல்படாஸ்விர் எடுத்துத் தோற்றவர்களுக்குத்தான் கடினம். ஆகவே எந்த வருடம், எந்த மாத்திரை, எத்தனை வாரம் என்ற விவரம் தங்கம் மாதிரி. பழைய சீட்டையும் காலி டப்பாவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குறைந்தது போனில் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

*என்ன மருந்து இருக்கிறது?*

ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் முதலில் சொல்வது மூன்று மருந்தும் ஒரே மாத்திரையில் இருக்கும் கூட்டணி: சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர், வாக்சிலாப்ரெவிர், 12 வாரம். அமெரிக்காவில் 2017 ஜூலையில் அனுமதி பெற்றது. அதே ஆண்டு வெளியான போலாரிஸ்-1 ஆய்வில், ஏற்கெனவே என்எஸ்5ஏ மருந்து எடுத்துத் தோற்ற 263 பேரில் 96% பேருக்கு இது பலித்தது. ஒரு முக்கியமான தடை: கல்லீரல் தளர்ந்துபோனவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. என்எஸ்3 மருந்துகள் அந்தக் கல்லீரலுக்கு ஆபத்து.

இதுவும் பலிக்காதவர்களுக்கு கிளெகாப்ரெவிர்-பிப்ரென்டாஸ்விரோடு சோஃபோஸ்புவிரும் ரிபாவிரினும் சேர்த்துக் கொடுக்கும் வழி உண்டு. கிளெகாப்ரெவிர்-பிப்ரென்டாஸ்விர் எடுத்துத் தோற்றவர்களிடம் அந்தச் சேர்க்கையைச் சோதித்த சிறிய ஆய்வில் 23 பேரில் 22 பேர் குணமானார்கள். ஆக, மருத்துவ அறிவியலின் கையிருப்பு இன்னும் தீரவில்லை.

நம் கையிருப்பு வேறு. தேசியத் திட்டத்தின் பட்டியலில் இருப்பவை சோஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர், சோஃபோஸ்புவிர்-வெல்படாஸ்விர், ரிபாவிரின். அதனால் இந்தியாவில் நடைமுறையில் இரண்டாவது சுற்று என்றால் சோஃபோஸ்புவிர்-வெல்படாஸ்விரோடு ரிபாவிரின் சேர்த்து 24 வாரம். இதற்கு என்ன பலன்? 2017இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பு வெல்படாஸ்விர் அடங்கிய சிகிச்சையில் தோற்ற 69 பேருக்கு இதைக் கொடுத்தார்கள். 63 பேர், அதாவது 91% குணம். வகை 1இல் 37 பேரில் 36. வகை 3இல் 18 பேரில் 14 மட்டுமே, 78%. ஆய்வு சிறியதுதான், ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது. வாக்சிலாப்ரெவிர் சேர்ந்த மாத்திரையோ வகை 3இலும் 95% வரை பலித்திருக்கிறது.

ரிபாவிரின் சும்மா வந்துபோகும் மாத்திரையும் இல்லை. ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ஹீமோகுளோபினை இறக்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது ரத்தம் பார்க்க வேண்டிவரும். கருவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால், எடுப்பது ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், சிகிச்சைக் காலத்திலும் முடிந்து குறைந்தது ஆறு மாதம் வரையிலும் தம்பதிக்குள் கருத்தரிப்பு கூடாது. புதிதாகக் கல்யாணமானவர்கள் மாத்திரை தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டிய விஷயம் இது.

*நல்ல மருந்து ஏன் இங்கே வரவில்லை?*

உரிமம் ஒரு தடையாகத் தெரியவில்லை. கிலியட் 2017இல் இந்திய நிறுவனங்களுடனான ஒப்பந்தத்தை வாக்சிலாப்ரெவிருக்கும் விரிவாக்கியது. தடை, எண்ணிக்கை. தேசிய அளவிலான ரத்த ஆய்வில் ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி இருந்தவர்கள் 0.32%, ஏறக்குறைய 300 பேரில் ஒருவர். சுமார் 25 லட்சம் பேர் வாழும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு அந்தச் சராசரியை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால் 8,000 பேர் வருவார்கள். அவர்களில் வைரஸ் இப்போதும் உள்ள அத்தனை பேரும் சிகிச்சை எடுத்தால்கூடத் தோல்வி காண்பவர்கள் சில நூறு பேர்தான். சில நூறு பேருக்காக எந்தக் கடையும் ஸ்டாக் வைக்காது.

அதனால்தான் இது சந்தையிடம் விட வேண்டிய வேலை இல்லை. மாநிலங்கள் தனித்தனியாக வாங்க முடியாததை மத்தியத் திட்டம் ஒரே டெண்டரில் வாங்கி, மாநிலத்துக்கு ஓர் இடத்தில் வைத்துக் கொடுக்கலாம். 2030க்குள் ஹெபடைடிஸ் சியை ஒழிப்போம் என்பது அரசின் இலக்கு. எதிர்ப்புத் திரிபு பெற்ற வைரஸோடு சில ஆயிரம் பேரை மிச்சம் வைத்துக்கொண்டு அந்த இலக்கைத் தொடுவது எப்படி?

இப்போதைக்கு, சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டு மருந்தை வரவழைக்க மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் படிவம் 12ஏ மூலம் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். டாக்டரின் சீட்டு அவசியம். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்புகிறவர்கள் பக்கம் போக வேண்டாம். உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல யாரும் இல்லை.

*யார் காத்திருக்கலாம், யார் கூடாது?*

கல்லீரலில் இறுக்கம் இல்லாத, 30 வயதுக்காரர் ஒருவருக்கு அவசரம் இல்லை. சரியான மருந்து கைக்கு வரும்வரை சில மாதம் பொறுத்திருக்கலாம். ஏனோதானோவென்று இரண்டாவது முறையும் தோற்பதைவிட அது மேல். சிரோசிஸ் இருப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது. கிடைக்கும் நல்ல சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும், ஏனென்றால் அடுத்து நிற்பது கல்லீரல் செயலிழப்பும் புற்றுநோயும். இந்த முடிவை எடுக்க ஃபைப்ரோஸ்கேன் அல்லது சாதாரண ரத்தப் பரிசோதனைகளை வைத்துப் போடும் கணக்கே போதும். எதிர்ப்புத் திரிபைக் கண்டறியும் மரபணு வாசிப்பு கிடைத்தால் உதவும், ஆனால் அது இல்லை என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

தேசிய வழிகாட்டியின்படி, மாத்திரை பலிக்காதவர்களை மாவட்ட அளவிலான மையம் தானே கையாளாமல் ‘மாதிரி சிகிச்சை மையம்’ எனப்படும் மேல்நிலை மையத்துக்கு அனுப்ப வேண்டும். சதுரங்கப்பட்டினத்திலோ கோவளத்திலோ படகு வேலை பார்ப்பவருக்கு, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருவதே ஒருநாள் கூலி போகிற விஷயம். அதற்கும் மேலே இன்னொரு மையம் என்றால், 24 வாரத்தில் எத்தனை முறை? ரிபாவிரினுக்கான ரத்தப் பரிசோதனையை உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்து ரிப்போர்ட்டை மட்டும் மேலே அனுப்பினால் பாதி அலைச்சல் மிச்சம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடத்தும் மாநிலம் நம்முடையது. 12ஆவது வார பிசிஆருக்கு ஆளைக் கூட்டிவருவது இந்த அமைப்புக்குப் பெரிய காரியம் இல்லை.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காமல் யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட கீழாநெல்லி ஆய்வு உலகப் புகழ் பெற்றது. அது ஹெபடைடிஸ் பி பற்றியது. பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. சி வைரஸை அது விரட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாத்திரைக் காலத்தில் எந்தக் கஷாயம் குடித்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது சுற்று தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். சி வைரஸ் அடங்கும்போது, உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் பி வைரஸ் விழித்துக்கொண்டு கல்லீரலைத் தாக்கிய சம்பவங்கள் உண்டு. இதற்காக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் தனி எச்சரிக்கையே கொடுத்தது. இதயத் துடிப்புக் கோளாறுக்கு அமியோடரோன் எடுப்பவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சோஃபோஸ்புவிரோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். 24 வாரம் முடிந்து, மறுபடி 12 வாரம் காத்திருந்து எடுக்கும் பிசிஆரில் வைரஸ் இல்லை என்று வந்தால் ஹெபடைடிஸ் சிக்கான மாத்திரை அத்துடன் முடிந்தது. சிரோசிஸ் இருந்தவர்கள் மட்டும் அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைத் தொடர வேண்டியிருக்கும்.